தடவல் கட்டில் வாங்குமுன்: ஒன்பது ஆண்டு அனுபவம்

குமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே, தொக்கணம் எனப்படும் சித்த மருத்துவத் தடவல் (மசாஜ்) சிகிச்சைக்கான சிறிய நிலையம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இத்தொழிலைத் தொடங்க இருப்பவர்கள் எந்தத் தைலம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கட்டிலைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

தொடக்கத்தில் மடக்குக் கட்டில் ஒன்றை வாங்கினேன். ரெக்சின் உறை, இரண்டங்குல நுரைமெத்தை, முகம் வைக்கத் துளை என்று பார்வைக்கு நிறைவாகவே இருந்தது. இரண்டாம் ஆண்டு ஆனி மழை தொடங்கியபோது, தலைமாட்டுத் தையல் வழியாக எண்ணெய் இறங்கி, உறை விறைத்து, நகம் பட்டாலே செதில் செதிலாக உரிந்தது. பிரித்துப் பார்த்தால் நுரை பழுப்பேறிச் சிக்கு வாடை அடித்தது. எண்ணெயால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார் விற்றவர். தடவலுக்கென்றே விற்ற பொருளுக்கு அந்தப் பதிலை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு மார்த்தாண்டத்தில் ஓர் ஆசாரியிடம் அயனி மரத்தில் கட்டில் செய்வித்தேன். வள்ளம் கட்டப் பயன்படும் மரம் என்பதால் ஈரத்தைப் பற்றிய கவலை குறைவு. சுற்றிலும் விரலளவு விளிம்பு, கால்மாட்டை நோக்கி இலேசான சரிவு, எண்ணெய் வடியத் துளை, அதன் கீழே பாத்திரம் வைக்க இடம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல்களின் மூட்டு தொடும் மட்டமே சரியான உயரம். எனக்கு அது 27 அங்குலம். பழைய கட்டிலில் அதைவிடத் தாழக் குனிந்து வேலை செய்த இரண்டு ஆண்டுகளில் என் இடுப்பு பட்ட பாட்டை நான் மட்டுமே அறிவேன். வெறும் பலகை முதியவர்களுக்கு உறுத்தும் என்பது உண்மையான குறை; ரப்பர் ஷீட்டின் மேல் நான்காக மடித்த பருத்தி விரிப்பைப் போட்டுச் சமாளிக்கிறேன்.

துணியைப் பொறுத்தவரை, தடித்த டவல்கள் நம் இரண்டு மழைக்காலங்களிலும் காய்வதே இல்லை. மெல்லிய கைத்தறித் துவர்த்து (துண்டு) போதும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்த பிறகே சோப்பு போடுகிறேன். எண்ணெய் முழுதும் போகாத துணிகளை உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு குவித்து வைக்கவே கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கக்கூடும். இதை அறியாமல் தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரும் கவலை.

எண்ணெயைச் சிறிய அளவில் வாங்கிக் கருநிறக் கண்ணாடிக் குப்பியில் வைக்கிறேன். நேரடியாக அடுப்பில் ஏற்றாமல் வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கி, என் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பின்பே பிறர் மேல் தொடுகிறேன். எள் ஒவ்வாதவர்களும் உண்டு. நல்லெண்ணெய்த் தைலம் தொடுமுன் கேட்டுவிடுவது என் வழக்கம்.

அயனிக் கட்டிலுக்கு இது ஏழாம் ஆண்டு. சென்ற மாதம் ஒரு காலின் ஆப்பு தளர்ந்தது; ஆசாரி வந்து புதிது அடித்துக் கொடுத்தார்.