பிளாக்ஸ் லா டிக்‌ஷனரி: லத்தீனுக்கு நம்பலாம், பிரேயருக்கு வேண்டாம்

தீர்ப்பில் லத்தீன் தட்டுப்பட்டதும் ஜூனியர் வக்கீல்கள் எடுப்பது பெரும்பாலும் இந்தத் தடித்த புத்தகத்தைத்தான். 1891-இல் ஹென்றி கேம்ப்பெல் பிளாக் தொகுத்தது. 1999-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து பிரையன் கார்னர் பொறுப்பு. உச்சரிப்பும் நேர்ப்பொருளும் தெளிவாக உண்டு. 'ரெஸ் ஜுடிகேட்டா' (ஏற்கெனவே தீர்ப்பான விஷயம்) போன்ற சொற்றொடர்கள் அகரவரிசையிலேயே கிடைக்கும். 'நெமோ' என்று தொடங்கும் முழு வாக்கிய முதுமொழிகளை அங்கே காணோமே என்று மூடிவிட வேண்டாம், அவை கடைசியில் பின்னிணைப்பாக இருக்கின்றன.

சிக்கல் வேறிடத்தில். இது அமெரிக்க அகராதி. அங்கே செர்ஷியோராரி என்றால், மேல்முறையீட்டை எடுத்துக்கொள்வதா என்று சுப்ரீம் கோர்ட் தன் விருப்பப்படி முடிவு செய்யும் வழி. நமக்கோ அது அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில், ஐகோர்ட்டிடம் ஓர் உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் ரிட். மெட்ராஸ் ஐகோர்ட்டில் அன்றாடம் போடும் 'செர்ஷியோராரிஃபைட் மாண்டமஸ்', உத்தரவை ரத்து செய்து இன்னதைச் செய்யச் சொல் என இரண்டையும் சேர்த்துக் கேட்பது. அமெரிக்க விளக்கத்தைப் பார்த்து பிரேயர், அதாவது மனுவில் கேட்கும் பரிகாரம், எழுதினால் மனு நிற்காது.

'லிஸ் பெண்டன்ஸ்' (நிலுவையிலுள்ள வழக்கு) என்றால் அமெரிக்க வக்கீலுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆவணப் பதிவில் ஏற்றும் நோட்டீஸ். இங்கே சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, வழக்கு நிலுவையில் இருப்பதே தெரியாமல் வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். மகாராஷ்டிரம், குஜராத் மட்டும் திருத்தம் செய்து பதிவைக் கேட்கின்றன.

'ஃபால்சஸ் இன் ஊனோ', அதாவது ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய்யன் என்ற முதுமொழி, எதிர்த்தரப்பு வாதத்தில் கவர்ச்சியாக ஒலிக்கும். நம் உச்ச நீதிமன்றம் இதைச் சட்ட விதியாக ஏற்கவில்லை. பதரை நீக்கி நெல்லை எடு என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறது. 'ரெஸ் இப்சா லோக்விட்டூர்', அதாவது நடந்ததே பேசும் என்ற கோட்பாடு, மருத்துவக் கவனக்குறைவுக்கான நஷ்டஈட்டு வழக்கில் உதவும். ஆனால் டாக்டர் மீதான கிரிமினல் வழக்கில் குற்றத்தை நிறுவ அதையே பிடித்துக்கொள்ள முடியாது என்று ஜேக்கப் மேத்யூ (2005) தீர்ப்பு சொல்லிவிட்டது.

லத்தீன் மாறப்போவதில்லை, ஆகவே பொருள் பார்க்க மட்டும் என்றால் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் எட்டாம், ஒன்பதாம் பதிப்பே தாராளம். மிச்சமாகும் பணத்தில் சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு நல்ல உரைநூல் வாங்குங்கள். கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதே என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு) 148-ஏ பிரிவில் 90 நாளில் காலாவதியாகும் என்பது போன்ற விவரம் அதில்தான் கிடைக்கும்.