துணி பெல்ட் வீட்லயே தைக்கலாம், உள்ள பேஸ்டிங்கா நாடாவா?

துணி பெல்ட் தைக்கணும்னு உக்காந்தா எல்லாரும் எந்த பார்டர் எந்த பிரிண்ட்னு மேல்துணியைத்தான் முதல்ல பாக்குறாங்க, ஆனா பெல்ட் இடுப்புல நேரா நிக்குமா சுருண்டு கயிறாகுமாங்கறது உள்ள என்ன வைக்கிறோம்ங்கறதுலதான் இருக்கு.

விறைப்புக்காக உள்ள வைக்கிற பக்ரம் துணி வேண்டவே வேண்டாம். கஞ்சி போட்ட விறைப்பு அது, ரெண்டு மூணு தடவை துவைச்சா தொளதொளன்னு ஆயிடும்.

நிஜமான போட்டி அயர்ன் பண்ணி ஒட்டுற பேஸ்டிங் கேன்வாஸுக்கும், பை கைப்பிடிக்குப் போடுற கெட்டி காட்டன் நாடாவுக்கும்தான். பேஸ்டிங் வச்சா பெல்ட் மெலிசா நீட்டா வரும், பட்டுப்புடவை மேல கட்டுறதுக்கு இதுதான் அழகு. ரெண்டா மடிச்சு குழாய் மாதிரி தைச்சுத் திருப்பணும்ங்கறதால ஒன்றரை இஞ்ச் பெல்ட்னா 4 இஞ்ச் அகலத்துல துணி, அதுவும் நீளவாட்டுல வெட்டணும், கிராஸா வெட்டினா இழுபட்டுக்கிட்டே போகும். கேன்வாஸை தையலுக்கு விடுற அரை இஞ்ச்சுக்குள்ள கொண்டு போகாதீங்க, ஓரம் தடிச்சுப் போகும். தொட்டா சொரசொரன்னு இருக்கிற பக்கம்தான் பசை, அதை துணியோட உள்பக்கத்துல வச்சு அயர்ன் பாக்ஸை தேய்க்காம, ஒரு இடத்துல அழுத்திப் பிடிச்சு, தூக்கி அடுத்த இடத்துல வைக்கணும், தேய்ச்சா கேன்வாஸ் நகர்ந்து துணி கோணிக்கும். சரியா ஒட்டலேன்னா துவைச்சதுக்கப்புறம் குமிழ் குமிழா எழும்பும்.

தினமும் ஜீன்ஸுக்கோ குர்திக்கோ போடணும்னா என் ஓட்டு நாடாவுக்கு. துணியும் கம்மியாத்தான் ஆகும், 1½ இஞ்ச் நாடாவுக்கு 2¼ இஞ்ச் துணி போதும், ரெண்டு ஓரத்தையும் அரை இஞ்ச் மடிச்சு நாடா மேல வச்சு ரெண்டு பக்கமும் ஒரு தையல், அவ்ளோதான், குழாய் தைச்சு ஊக்கு விட்டுத் திருப்பிப் போடுற தொல்லையே கிடையாது. ஆனா நாடா, துணி ரெண்டையும் முதல்லயே தண்ணில நனைச்சு காய வச்சுடுங்க, பின்னாடி நாடா சுருங்கினா மேல்துணி அலை அலையா நிக்கும். ஊசி 16ம் நம்பர், தையல் கொஞ்சம் பெருசு. மடிச்ச முனையில மிஷின் ஏறாம முக்கும், அப்போ அதே தடிமனுக்கு ஒரு துண்டுத்துணியை மடிச்சு, மிஷின்ல துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபூட்டுக்குப் பின்பக்கம் வச்சா மட்டமாகி ஓடிடும்.

பக்கிள்ல எனக்கு ரெண்டு டி ரிங்தான், D எழுத்து மாதிரி இருக்கிற வளையம். ஓட்டை போட வேண்டாம், உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்ல, இடுப்பளவோட 8லருந்து 10 இஞ்ச் சேர்த்து வெட்டினா சரியா இருக்கும். பட்டுத்துணிக்கு மட்டும் இது சரிப்படாது, வழுக்கிட்டே இருக்கும், அதுக்கு பின்பக்கம் ஹூக் வச்சுடலாம். முள்ளு வச்ச பக்கிள் பாக்க கெத்துதான், ஆனா ஓட்டை போட்டு ஐலெட்ங்கற சின்ன உலோக வளையம் அடிக்கணும், உள்ள நாடா இல்லாத பெல்ட்ல அந்த ஓட்டை சீக்கிரமே கிழிஞ்சு நீளும். வெல்க்ரோ ஈஸின்னு சொல்றாங்க, ஜரிகையில ஒரு தடவை மாட்டி இழுத்துச்சுன்னா புடவை போச்சு.