நூறு வாட் பல்பா, எல்இடியா, ஃபாக் லைட்டா? ராத்திரி ஓட்டும் பைக்குக்கு எதை மாட்டலாம்

சேலத்தில் வேலை, கள்ளக்குறிச்சி பக்கம் ஊர். சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் ஆத்தூர் வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். நான்கு வழியாக வந்துகொண்டிருக்கும் உளுந்தூர்பேட்டை ரோடு, நான் ஓட்டிய வருடங்களில் பல ஊர்களின் புறவழிச்சாலை வந்ததும் இரண்டு வழியாகச் சுருங்கிவிடும். நடுவில் தடுப்பு இல்லாததால் எதிரே வரும் லாரியின் பிரைட் லைட் நேராக முகத்தில் அடிக்கும். அந்த ரோட்டில் மூன்று வருடம், பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல், கடையில் கிடைத்த லைட்டையெல்லாம் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துச் செலவு செய்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு மாடு குறுக்கே வந்தால், அதைப் பார்த்து, பிரேக்கில் கால் வைத்து, வண்டி நிற்க ஏறக்குறைய 50 மீட்டர் ஆகும். 80-இல் போனால் 75 மீட்டர். ஒழுங்காகச் சரிசெய்த லோ பீம், அதாவது டிம் லைட், உருப்படியாகக் காட்டுவதே சுமார் 50 மீட்டர்தான். அதாவது டிம் போட்டுக்கொண்டு 80-இல் போகிறவர் பாதி நேரம் குருட்டாம்போக்கில்தான் போகிறார். இந்தக் குறையை எது எவ்வளவு தீர்க்கிறது என்பதை வைத்துத்தான் லைட்டை எடை போட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) கணக்கை நம்ப முடியாது. 36 வாட் எல்இடிக்கு 20,000 லூமென் என்று அச்சடித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நல்ல எல்இடியே வாட்டுக்கு 150 லூமென் தந்தால் பெரிய விஷயம், நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

என் பழைய கிளாசிக் மாதிரியான புல்லட் ரகங்களில் வருவது எச்4 ஹாலோஜன் பல்பு, 60/55 வாட். பிரைட்டில் சுமார் 1,650 லூமென், டிம்மில் 1,000. 150 சிசி வரையிலான வண்டிகள் பலவற்றில் வரும் எச்எஸ்1 பல்பு 35/35 வாட், வெளிச்சமும் இதில் பாதிதான். ஆனால் இந்த எண்களெல்லாம் பல்புக்கு 13.2 வோல்ட் போய்ச் சேர்ந்தால்தான். என் வண்டியில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரியில் 13.6, பல்பு ஹோல்டரில் 12.3! மீதி, சாவி ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், மெல்லிய ஒயர் என்று வழியிலேயே போய்விட்டது. ஹாலோஜனில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிட அதிகமாகச் சரியும். இந்த 1.3 வோல்ட்டுக்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், நடுவில் ஃபியூஸ், ரிலே (சின்ன கரண்டில் தூண்டினால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), பழைய ஸ்விட்ச் ரிலேயைத் தூண்ட மட்டும் என்று மாற்றினால் போனது திரும்பி வந்துவிடும். ரெடிமேட் ரிலே செட் எனக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பல்பும் அதேதான், டூமும் (ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) அதேதான், ஆனால் அன்றைக்கு ராத்திரி ஓட்டியபோது வேறு வண்டி மாதிரி இருந்தது.

இதைச் செய்யாமல் பலர் நேராக 100/90 வாட் பல்புக்குப் போவார்கள். நானும் போனேன். வெளிச்சம் வந்தது உண்மை, ஆனால் அது இழுப்பது 8 ஆம்பியர். இரண்டே மாதத்தில் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் மேல்பக்கம் மங்கிவிட்டது. பூச்சு போன டூமில் எந்த பல்பைப் போட்டாலும் மங்கல்தான், ஆகவே இதில் லாபமே கிடையாது. ரோட்டில் ஓட்ட அனுமதியும் இல்லை. 35 வாட்டுக்கான சின்ன வண்டியில் எச்4 பல்பைத் திணிப்பதும் இதே கதைதான். (ஹாலோஜன் மாற்றும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.)

அடுத்து ஹாலோஜன் டூமுக்குள் எல்இடி பல்பு. இதைப் பற்றித்தான் சண்டை அதிகம். மாட்டின அன்று எனக்கும் பகல் மாதிரி இருந்தது. அன்றே எதிரே வந்த முக்கால்வாசி லாரிக்காரர்கள் எனக்கு பிரைட் அடித்துக் காட்டினார்கள், நானோ டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்து, வீட்டுச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, மேலே தம்பியை உட்கார வைத்து, ஹெட்லைட் நடுமட்டத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டேன். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். ஹாலோஜனில் கத்தியால் வெட்டியது மாதிரி நின்றது. எல்இடியில் விளிம்பே இல்லை, வெளிச்சம் சுவரெல்லாம் சிந்தி மாடிக் கைப்பிடி வரை ஏறிவிட்டது. காரணம் எளிது. டூமின் வளைவு, ஒரு மெல்லிய இழை குறிப்பிட்ட ஓரிடத்தில் எரியும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும், மேலே சிதறுவதைத் தடுப்பது அதுதான். எல்இடி சிப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். நமக்கு முன்னால் பத்து மீட்டர் பளபளவென்று இருக்கும், தூரம் மட்டும் இருட்டாகவே கிடக்கும். பக்கத்துத் தரை அதிகம் வெளிச்சமானால் கண்பாவை சுருங்கிவிடும், அப்புறம் தூரத்தில் இருப்பது இன்னும் தெரியாது. பின்னால் விசிறியோடு வரும் பல்புக்கு ரப்பர் மூடியும் சேராது, மழைக்காலத்தில் டூமுக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் கழற்றிவிட்டேன்.

முழு 7 அங்குல எல்இடி ஹெட்லைட் செட் வேறு சங்கதி. அதன் லென்ஸே எல்இடிக்காகச் செய்தது, நல்லதாக வாங்கினால் ஹாலோஜனைத் தூக்கிச் சாப்பிடும். ஒன்றை மட்டும் பாருங்கள். டிம் வெளிச்சத்தின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும். நம் ஊரில் அது இடது பக்கம் ஏற வேண்டும், ரோட்டோரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக. வலது பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குச் செய்த லைட்டுகளும் இங்கே விற்கின்றன, அவற்றில் வலது பக்கம் ஏறி எதிரே வருபவர் கண்ணிலேயே குத்தும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜிபி ரோடானாலும் சரி, உங்கள் ஊர்க் கடையானாலும் சரி.

கடைசியில் என் வண்டியில் தங்கியது ரிலே போட்ட அதே ஹாலோஜனும் ஒரு ஜோடி ஸ்பாட் லைட்டும். ஃபாக் லைட் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், ஆனால் ஸ்பாட்டும் ஃபிளட்டும் வேறு வேறு. ஸ்பாட் குறுகலாக, தூரமாகப் போகும். 75 மீட்டர் கணக்கைத் தீர்ப்பது அது ஒன்றுதான். ஃபிளட் அகலமாக, பக்கத்தில் விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போது ஹெட்லைட் வெளிச்சம் வளைவின் உள்பக்கத்தை விட்டுவிடும் பாருங்கள், அங்கே ஃபிளட்தான் கை கொடுக்கும். நெடுஞ்சாலைக்காரருக்கு ஸ்பாட், மலைக்காரருக்கு ஃபிளட், இரண்டும் வேண்டுமென்றால் பேட்டரி தாங்குமா என்று பார்த்துவிட்டு. விளக்குக்கு 20 வாட் வீதம் ஒரு ஜோடி மூன்றரை ஆம்பியருக்குள் முடிந்துவிடும். ஃபிளட்டைக் கிராஷ் கார்டில் தாழ்வாக மாட்டினால் பள்ளத்தின் நிழல் நீளமாக விழுந்து முன்கூட்டியே தெரியும். மஞ்சளா வெள்ளையா என்றால், மஞ்சள் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சொல்வதில் உண்மை இல்லை. நீலம் கலந்த வெள்ளை மழையிலும் பனியிலும் நம் கண்ணையே அதிகம் கூச வைக்கும், மஞ்சள் அவ்வளவு படுத்தாது. அந்த அளவில் மஞ்சளுக்கே என் ஓட்டு.

லைட்டை விட ஒயரிங்தான் முக்கியம். முதலில் மாட்டிக்கொடுத்த மெக்கானிக், ஹார்ன் ஒயரை வெட்டி அதிலேயே ஒட்டுப்போட்டு டேப் சுற்றிக் கொடுத்தார். ஆறாவது மாதம் மழையில் லைட்டும் போச்சு, ஹார்னும் போச்சு. இப்போது தனி ரிலே, தனி ஃபியூஸ். ரிலேயைத் தூண்டும் ஒயரை பிரைட் லைனிலிருந்து எடுத்து நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். எதிரே வண்டி வந்ததும் டிம் தட்டினால் ஸ்பாட்டும் கூடவே அணைந்துவிடும், தனியாக ஒரு பொத்தானைத் தேட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது, கூடுதல் லைட்டுக்கு அபராதம் போட்டால் வாதாடுவது கஷ்டம். அதனால் ஊருக்குள் வரும்போது என் ஸ்பாட் லைட்டுகளின் மேல் கறுப்பு மூடி இருக்கும். ஆத்தூர் டீக்கடையில் நிறுத்தும்போது கழற்றி, கிளம்பும் முன் ஹெல்மெட் வைசரையும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துக்கொள்வேன்.