எந்நேரமும் செருகியே இருக்கும் யூஎஸ்பி டிரைவ்: லினக்ஸில் நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

உபுண்டு டெஸ்க்டாப்பில் பென்டிரைவைச் செருகினால் 'மீடியா' ஃபோல்டருக்குள் தானாக மவுண்ட் ஆகிவிடும், அதாவது ஃபைல்களைத் திறக்கும்படி இணைந்துவிடும். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பேக்கப்புக்காக மாதக்கணக்கில் செருகியே கிடக்கும் டிரைவ்தான் வேலை வைக்கும்.

பூட் ஆகும்போது எந்த டிரைவை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிரைவை எஸ்டிபி1 என்று எழுதவே கூடாது. கெர்னல் கண்டுகொண்ட வரிசையில் கிடைக்கும் பெயர் அது. இன்னொரு பென்டிரைவோடு ரீபூட் ஆனால் எஸ்டிசி1 ஆகலாம். 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கமாண்ட் காட்டும் யூயூஐடியை (செருகும் வரிசையால் மாறாத அடையாளம்) எழுதி, ஆப்ஷனில் நோஃபெயில் (டிரைவ் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று பொருள்) சேர்க்க வேண்டும். அது விட்டுப்போய், டிரைவும் இல்லாமல் பூட் செய்தால், பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி பார்த்துவிட்டு, பழுதுபார்க்க மட்டுமான எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். மானிட்டர் இல்லாத சர்வரில் என்ன நடந்தது என்றே தெரியாது.

ஆனால் நோஃபெயில் போட்டபின் வரும் சிக்கல்தான் மோசமானது. டிரைவ் மவுண்ட் ஆகாத அன்றும், அது வந்து இணைய வேண்டிய மவுண்ட் பாயிண்ட் வெறும் ஃபோல்டராக அங்கேயே இருக்கும். ராத்திரி ஓடும் பேக்கப் கமாண்டான ஆர்சிங்க் அதில் எழுதித் தள்ளும். நிரம்புவது சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷன். மறுநாள் டிரைவை மவுண்ட் செய்ததும் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிடும். டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் 'டிஎஃப்' 100% காட்டும், ஃபோல்டர் அளவுகளைக் கூட்டும் 'டியூ' போட்டுத் தேடினால் அகப்படாது. டிரைவைக் கழற்றிய நிலையில், காலி ஃபோல்டருக்கு மாற்றத்தைத் தடுக்கும் 'சிஎச்ஏடிடிஆர் +ஐ' கொடுத்துவிட்டால், நிர்வாகியான ரூட் பயனரால்கூட அதில் எழுத முடியாது. அதன்மேல் மவுண்ட் ஆவதற்குத் தடையில்லை.

லினக்ஸில் மட்டும் ஓடும் டிரைவுக்கு இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போதும். ஃபேட்32-இல் 4 ஜிபி ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஓனர், பர்மிஷன் எதுவும் பதிவாகாது என்பதால் மவுண்ட் செய்யும்போதே 'யூஐடி=1000' (ஓனராக இருக்க வேண்டிய பயனரின் எண்) கொடுக்க வேண்டும்; பிறகு ஓனரை மாற்ற 'சிஎச்ஓன்' அடித்தால் அனுமதி இல்லை என்றுதான் வரும்.

காப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும் பாதி டேட்டா ராமிலேயே இருக்கலாம். டிரைவை விடுவிக்கும் கமாண்டான யூமவுண்ட் (இதில் 'அன்' கிடையாது, புதிதாக வருபவர்கள் எல்லோரும் தப்பாக அடிக்கும் இடம்) உடனே திரும்பாவிட்டால் எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள், காத்திருங்கள். 'டார்கெட் இஸ் பிஸி' வந்தால், டிரைவை யார் பயன்படுத்துகிறார்கள் என்று 'ஃப்யூசர் -விஎம்' பிடித்துக் கொடுக்கும். பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள் 'சிடி' கமாண்டால் நுழைந்து நிற்கும் உங்கள் டெர்மினலேதான். 'யூமவுண்ட் -எல்' போட்டால் பட்டியலிலிருந்துதான் மறையும், உள்ளே எழுதுவது நிற்காது. அதை நம்பி டிரைவைப் பிடுங்காதீர்கள்.