நிலாவெளியில் வாடகைக் கரவன்: 50,000 பிணைப்பணத்தில் 38,000 கழிந்த விதம்

நிலாவெளியில் கடலோரத் தென்னங்காணி ஒன்றில் இரண்டு இரவுக்கு எடுத்த கரவனுக்கு (வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் வீட்டு வண்டி) 50,000 ரூபாய் பிணைப்பணம் கட்டினோம். திரும்பி வந்தது 12,000. மிச்சத்துக்கு ஒரு துண்டில் கணக்கு எழுதித் தந்தார்கள்: முன் இடது கால் வளைவு 14,000, சுடுநீர் பொயிலர் எலிமென்ட் 10,000, ஃபிரிட்ஜ் கேஸ் போனது 9,000, ஓனிங் (கதவுப் பக்கம் விரிக்கும் நிழற்பந்தல்) சீலை பூஞ்சணம் 5,000. இந்த நாலில் கடைசியானது மட்டும் எங்கள் பிழை. மற்ற மூன்றும் நாங்கள் போய் இறங்குவதற்கு முன்பே கரவனைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் செய்து வைத்தவை.

உரிமையாளரின் பெயர் வேண்டாம். ஆள் மாறினாலும் கணக்கு இப்படித்தான் வரும். கரவனில் பெரும்பாலான பழுதுகள் நிறுத்தும் ஒரு மணித்தியாலத்திலும், கட்டிப் புறப்படும் ஒரு மணித்தியாலத்திலும்தான் உண்டாகின்றன. "எல்லாம் செட் பண்ணி வைச்சிருக்கிறம் அண்ணை, நீங்க வந்து படுக்கிறதுதான்" என்றார்கள். ட்ரெய்லர் அடிச்சட்டத்திலும் வயரிங்கிலும் தினமும் கை வைக்கிற நாங்களே அதைக் கேட்டுவிட்டு, கீழே குனிந்து பார்க்காமல் சாமானை இறக்கினோம். கட்டிப் புறப்படுவதும் உப்புவெளியில் அவர்களுடைய யார்டில் கொண்டுபோய் விடுவதும் எங்கள் பொறுப்பு என்பது எழுத்தில் இருந்தது. நிறுத்திய விதத்துக்கு யார் பொறுப்பு என்பது எங்கும் இல்லை.

முதலில் கால். கரவனின் நாலு மூலையிலும் இருக்கிற மடிப்புக் கால்கள் வண்டி ஆடாமல் இருப்பதற்கு மட்டும். பாரத்தைத் தூக்குவதற்கு அல்ல. பாரம் முழுவதும் சில்லிலும், மூக்கடியில் இருக்கிற சின்ன முன்சில்லிலும் நிற்க வேண்டும். ஒழுங்கு இதுதான்: வாகனத்திலிருந்து கழற்றுமுன் இடம்–வலம் மட்டம் பார்க்க வேண்டும். ரசமட்டத்தைக் கதவடியில் குறுக்காக வைத்து, தாழ்ந்த பக்கச் சில்லுக்கு முன்னால் சரிவுக்கட்டை போட்டு, மெதுவாக ஏற்றுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக், சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் அடைகட்டை. அதன் பிறகுதான் கொழுக்கியைக் கழற்றுவது. முன்–பின் மட்டத்தை முன்சில்லின் கைபிடியைச் சுழற்றியே எடுக்கலாம். கால்கள் கடைசி, நிலத்தைத் தொட்டு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

அடைகட்டை எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிவர்ஸில் தானாக விடுபடும் வகைப் பிரேக் உள்ள கரவனை ரிவர்ஸில் தள்ளி நிறுத்தினால், ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்திருந்தாலும் அது சிறிது தூரம் பின்னால் உருண்ட பிறகுதான் பிடிக்கும். அந்தச் சிறு தூரம் ஒரு காலை முறிக்கப் போதும்.

எங்கள் கரவனை மணலில் வெறுமனே இறக்கி, கோட்லெஸ் ட்ரில்லால் நாலு காலையும் இறக்கி, அந்தக் கால்களாலேயே மட்டம் எடுத்திருந்தார்கள். ட்ரில்லுக்குப் பாரம் தெரியாது. கையால் சுற்றினால் எங்கே இறுகுகிறது என்று தெரியும். நிலாவெளி மணலில் ஒரு இரவில் சில்லு இரண்டு விரற்கடை புதைந்தாலே பாரம் முழுவதும் காலுக்கு வந்துவிடும். சில்லுக்கும் காலுக்கும் கீழே ஒரு அடிக்கு ஒரு அடி பலகை போட்டிருந்தால் இரண்டுமே புதையாது. முன்சில்லுக்கும் ஒரு பலகை வேண்டும். பனம்பலகைத் துண்டுகள் சில கொண்டுபோனால் போதும்.

வளைவு புதியதா பழையதா என்பதை இரும்பே சொல்லும். எங்கள் முன் இடது கால் பின்பக்கமாக மடிந்திருந்தது. மேலிருந்து பாரம் வந்து மடிந்தால் நடுவில் புடைக்கும் அல்லது பக்கவாட்டில் சாயும். பாதம் பின்னோக்கி இழுபட்டிருந்தால், காலை மடக்காமலே யாரோ வண்டியை முன்னால் இழுத்திருக்கிறார்கள். மடிந்த இடத்தில் பெயின்ட் வெடித்து, உள்ளே துரு செதில் செதிலாக உரிந்து, அதற்குள் சேறு காய்ந்திருந்தது. கடற்காற்றில் ஒரு இரவில் செங்காவி பூசியது போலத் துரு பிடிக்கும், உண்மைதான். ஆனால் செதிலாக உரிவதற்கு மாதக்கணக்கு வேண்டும். வாங்கும்போது நாலு காலையும் அருகில் வைத்துப் படம் எடுத்திருந்தால் இந்த 14,000 பற்றிப் பேச்சே வந்திருக்காது.

அடுத்தது ஃபிரிட்ஜ். கரவன்களில் வழமையாக இருக்கும் ஃபிரிட்ஜில் கம்பிரசர் இல்லை. அமோனியாவும் நீரும் சூட்டால் சுற்றி ஓடுகிற வகை. அடைத்த குழாய்க்குள் இருப்பதால், வீட்டு ஃபிரிட்ஜைப் போல "கேஸ் அடிக்கிற" வேலை அதில் இல்லை. அந்த வசனத்தைக் கேட்டதுமே உஷாராகுங்கள். அது குளிராமல் போவதற்கு முதற்காரணம் சரிவு: வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாது. எங்களுடையது இடப்பக்கம் புதைந்து, கண்ணுக்கே தெரியும் அளவுக்குச் சாய்ந்திருந்தது. இரண்டாவது, இழுத்து வந்தபோது இருந்த 12 வோல்ட்டிலேயே சுவிட்சை விட்டிருந்தார்கள். 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 அம்பியர். என்ஜின் ஓடாமல் நின்றால் 100 அம்பியர்-மணி பேட்டரியில் பாதி ஐந்து மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். காலையில் தண்ணீர்ப் பம்பும் வேலை செய்யவில்லை, லைட்டும் மங்கல். மூன்றாவது வெயிலும் காற்றும்: ஃபிரிட்ஜின் காற்றுத்துளை மேற்குப் பக்கம். ஆடி மாதத்துக் கச்சான், அந்த மேல்காற்று, அனலாக நேரே அதற்குள் அடிக்கும். ஃபிரிட்ஜ் சிலிண்டர் கேஸில் ஓடினால் அதன் சுடரையே அணைத்துவிடும். மட்டமாக நிறுத்தி, 230 வோல்ட்டில் போட்டு, ஆறு எட்டு மணித்தியாலம் பொறுத்தால் இந்த வகை ஃபிரிட்ஜ் குளிரும். முதல் நாளே போட்டுக் குளிரவைத்த சாமானைத்தான் உள்ளே வைக்க வேண்டும். சுடுசோற்றுச் சட்டியை வைத்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது.

பொயிலர் கதை சின்னது. தொட்டியில் தண்ணீர் நிரம்பாமல் சூடாக்கியிருக்கிறார்கள். பம்பைப் போட்டு, சுடுநீர்ப் பைப்பைத் திறந்து, துப்பித் துப்பி வரும் காற்று முழுவதும் போய் ஒரே சீராகத் தண்ணீர் விழும்வரை ஹீட்டர் சுவிட்சைத் தொடக்கூடாது. இங்கே கடலோரக் கிணறுகள் பலதில் உவர்த் தண்ணீர். அது பொயிலரையும் தின்னும், பம்பையும் தின்னும். பீப்பாய்க்கு நன்னீர் எங்கே எடுப்பது என்று முன்பே கேளுங்கள். எலிமென்ட் எரிந்துவிட்டது என்ற துண்டோடு யார்டுக்குப் போய், கரண்ட் முழுவதையும் கழற்றிவிட்டு மீற்றர் வைத்தோம். 62 ஓம். 230 வோல்ட்டில் 850 வாட் எலிமென்ட் காட்ட வேண்டிய அளவு அதேதான். எரிந்திருந்தால் மீற்றர் அசையவே அசையாது. விழுந்திருந்தது சூடு கூடினால் துண்டிக்கிற கட்அவுட் மட்டும்.

ஓனிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உப்புப் போகட்டும் என்று கழுவி, காயமுன் சுருட்டிவிட்டோம். "பத்து மணிக்குள்ள விடோணும்" என்ற அவசரத்தில் செய்த வேலை. அவர்கள் நாலு நாள் கழித்து விரித்தபோது கறுப்புப் புள்ளி. ஈரமாகச் சுருட்ட நேர்ந்தால், விடும்போதே "ஈரம், இன்றே விரியுங்கள்" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நாலு நாளும் ஒரு தந்திரம்தான்: நீங்கள் இல்லாதபோது பரிசோதனை. பிணைப்பணக் கணக்கை யார்டிலேயே, உங்கள் முன்னால் முடிக்கச் சொல்லுங்கள். கச்சான் காலத்தில் கதவு கடலைப் பார்த்தும் மூக்கு தெற்கே பார்த்தும் நின்றால் ஓனிங் காற்று மறைவில் இருக்கும், ஆனால் வலப்பக்கத் துளையுள்ள ஃபிரிட்ஜ் வெயிலில் வேகும். இரண்டில் எதை விடுவது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டியதுதான். பின்னேரம் காற்றுக் கூடுமுன் ஓனிங்கைச் சுருட்டிவிடுங்கள். நிழல் என்று தென்னைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

துண்டில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. 38,000 ரூபாயைவிட எங்களுக்கு அதுதான் கோபம்.

கரண்ட் வந்தது காணிக்காரர் வீட்டிலிருந்து 40 மீற்றர் நீட்டிப்பு வயரில். வயர் 1 சதுர மி.மீ. தடிப்பு, பாதிக்கு மேல் உருளையில் சுற்றியபடியே கரவனுக்குக் கீழே கிடந்தது. ஏசியும் பொயிலரும் சேர்ந்து ஓடும்போது 10 அம்பியர் இழுக்கும். அந்த நீளத்துக்கும் தடிப்புக்கும் வயரிலேயே 14 வோல்ட் போய்விடும். உள்ளே மீற்றரில் 208 வோல்ட். சுற்றிக் கிடந்த பகுதியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கரவனுக்கு உரியது 2.5 சதுர மி.மீ., 25 மீற்றர். எவ்வளவு குறைந்த தூரமானாலும் முழுக்க விரித்துத்தான் போட வேண்டும்.

அதைவிடப் பெரியது எர்த். 13 அம்பியர் பிளக்கைத் திறந்தால் பச்சை–மஞ்சள் வயர் உள்ளேயே வெட்டி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்திருக்கும். விழாமல் இருக்க யாரோ கண்டுபிடித்த வழி. கரவனின் வெளித்தகடு அலுமினியம். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொட்டபோது விரலில் சுர்ரென்றது. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது ஒழுங்காக விழும், எர்த் இல்லாவிட்டாலும் விழும். பொத்தான் வேலை செய்கிறது என்பதை வைத்து எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். கரவனுக்குள் ஒரு பிளக் பொயின்டில் மீற்றரை வைத்து உயிர்வயருக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள்: 230 அளவில் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கரண்ட் வேண்டாம், லாம்பே போதும். கொழுவும்போது முதலில் கரவன் பக்கம், பிறகு சுவர்ப் பக்கம். கழற்றும்போது முதலில் சுவர்ப் பக்கம். உயிருள்ள முனை கையில் தொங்கக் கூடாது.

கேஸ் பெட்டியின் தரையிலும் அடுப்படிக்குக் கீழேயும் இருந்த ஓட்டைகளுக்கு டேப் ஒட்டியிருந்தார்கள். மணலும் எறும்பும் வருகிறதாம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் கீழே இறங்கி வெளியே போகத்தான் அந்த ஓட்டைகள். டேப்பை உரித்துவிட்டுச் சவர்க்கார நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் பூசிப் பார்த்தோம். எறும்புக்கு வலை அடிக்கலாம், அடைக்கக் கூடாது.

கசெட் கழிவறை (கழிவுப் பெட்டியைக் கழற்றி ஊற்றும் வகை) நிரம்பியதும் எங்கே ஊற்றுவது என்று கேட்டதற்கு, தென்னைக்குப் பின்னால் கிடங்கு வெட்டச் சொன்னார்கள். கிணறு இருபது அடிக்குள் இருந்தது. 18 லீற்றர் அளவுக் கசெட் நாலு பேருக்கு இரண்டு நாள் தாங்காது, ஆகவே கழிவறை வசதி இருக்கிற காணியா என்று முன்பே கேளுங்கள்.

புறப்படும்போது கேஸைச் சிலிண்டரிலேயே பூட்டி, தண்ணீரை வடித்து, கூரை ஜன்னல்களைக் கொக்கி போட்டு, ஃபிரிட்ஜ் கதவைப் பூட்டிய பிறகுதான் கால்களை ஏற்ற வேண்டும். ஏற்றியதை ஒருவர் மண்டியிட்டு எண்ணட்டும்: நாலு. சாமானைப் பின்னால் குவிக்காதீர்கள். ஐஸ் பெட்டியும் மீன் பெட்டியும் பின்னால் போனால் மூக்கில் பாரம் குறைந்து, வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். மொத்தப் பாரத்தில் 5 முதல் 7 வீதம், வாகனத்தின் பின்னால் கொழுக்கி பூட்டுகிற இரும்புக் குண்டின்மேல் இருக்க வேண்டும். 1,200 கிலோவுக்கு 60 முதல் 84 கிலோ. குளியலறைத் தராசும் ஒரு மரத்துண்டும் இருந்தால் அளந்துவிடலாம்.

குண்டின் அளவும் முக்கியம். 50 மி.மீ. ஒன்று, அமெரிக்க 2 அங்குலம் இன்னொன்று, அதாவது 50.8. சின்னக் குண்டில் பெரிய கொழுக்கி பூட்டியது போலவே இருக்கும், பெரிய குழியில் துள்ளும்போது கழன்று எழும்பும். கொழுவிய பிறகு முன்சில்லைச் சுற்றி வாகனத்தின் பின்பக்கம் சற்று மேலே எழும்புகிறதா பாருங்கள், எழும்பினால் பூட்டியிருக்கிறது. பிறகு முன்சில்லை முழுக்க ஏற்றி இறுக்குங்கள். கழன்றால் பிரேக்கை இழுக்கும் மெல்லிய கம்பியை வாகனத்தில் மாட்டுங்கள். உள்ளூர்க் கராஜில் கட்டிய சில ட்ரெய்லர்களில் அந்தக் கம்பியும் இல்லை, பிரேக்கும் இல்லை. அப்படியானதைக் கந்தளாய் தாண்டிக் கொண்டுபோக நினைக்காதீர்கள். ஹபரணைப் பக்கம் இரவில் முன்னால் யானை நின்றால், ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்துத் தப்புவது யாருக்கும் இலேசில்லை.

பணம் பற்றி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிடலாம். கட்டிய பணத்துக்கு ரசீதும் கழித்த பணத்துக்கு எழுத்துக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். அந்தத் துண்டுக் கடதாசியை எறியாதீர்கள். மீற்றரைக் காட்டியதும் பொயிலருக்கான 10,000 அங்கேயே வந்தது. ஃபிரிட்ஜை மட்டமாக வைத்து ஒரு பகல் ஓடவிட்டுக் காட்டிய பிறகு 9,000 வந்தது. ஓனிங்குக்கு நாங்கள் வாதாடவில்லை. காலுக்கான 14,000 இன்னும் அவர்களிடம்தான். போன சனிக்கிழமை அதே கரவன் அதே காணியில் வேறொரு குடும்பத்துக்கு நின்றது. முன் இடது கால் மாற்றப்படவில்லை, கீழே பலகையும் இல்லை.