கண்காணிப்பு மென்பொருளின் கீழ் நான்கு வருடத்துக்கு மேல் வேலை செய்த அனுபவம்

2020 கடைசியில் எங்கள் கம்பனி எல்லோருடைய மடிக்கணினியிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டது. நான் அங்கிருந்து விலகும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. பெயர் சொல்லவில்லை, இந்த வகை மென்பொருட்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்குப் பதிவு செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில், கொழும்பில் இப்படிப் பல கம்பனிகள் இருக்கின்றன. நான் சில நாள் அலுவலகத்திலும் சில நாள் வெள்ளவத்தை வீட்டிலும் இருந்து வேலை செய்தேன்.

அது செய்வது இதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டை எத்தனை தடவை தட்டினோம், மௌஸ் எவ்வளவு அசைந்தது என்று எண்ணி ஒரு சதவீதம் போடும். இடையில் எப்போது என்று தெரியாமல் திரையைப் படம் பிடிக்கும். எந்த இணையதளம், எந்த மென்பொருள், எவ்வளவு நேரம் என்று பட்டியல் எழுதும். ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால் 'வேலை செய்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி வரும், பதில் சொல்லாவிட்டால் அந்த நேரம் சிவப்பாகிவிடும்.

போடும்போது சொன்ன காரணம் நியாயமானது. வாடிக்கையாளரிடம் மணித்தியாலக் கணக்கில் காசு வாங்குகிறோம், அதற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்த நேரத்தில் வேலை போனால் அடுத்த வேலை எங்கே என்று தெரியாத நிலையில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்பது தனிக்கேள்வி. என்னைக் கேட்டால் முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது உண்மையாகவே நடந்தது. எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி மாதக் கடைசியில் இரவு இரவாக வேலை செய்வாள், ஓவர்டைம் கேட்டால் இழுத்தடிப்பார்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இல் வந்தது, சாதாரண வேலைநேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று அதில் இருக்கிறது. அவள் மென்பொருளில் இருந்து தன் நேர அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தாள், காசு வந்தது. அப்போது எனக்கு இந்தக் கருவிமேல் ஒரு மரியாதையே வந்தது, இது இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும் போல என்று.

அதற்குக் கொஞ்ச நாளில் எங்கள் சொந்த அறிக்கையை நாங்களே பார்க்கும் பக்கம் மூடப்பட்டது. மென்பொருள் மாறவில்லை, நிர்வாகப் பக்கத்தில் ஒரு அமைப்பை மாற்றினார்கள், அவ்வளவுதான். காரணம் கேட்டதற்கு 'பாதுகாப்பு' என்றார்கள். எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. என்னைப் பற்றிய பதிவை எல்லோரும் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்க முடியாது, பார்க்க முடியாததால் அதில் பிழை இருக்கிறது என்று வாதாடவும் முடியாது.

பிழை நிறையவே இருந்தது. எங்கள் வேலையில் கடினமானது வங்கிக் கணக்கையும் ஏட்டையும் ஒப்பிட்டு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதற்குத் தாளும் கல்குலேட்டரும் வைத்துக்கொண்டு திரையை வெறித்துப் பார்க்க வேண்டும், கை அசையாது. அப்படி ஒரு பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடித்த நாளில் என் சதவீதம் படுமோசம். ஒரு கோப்பைப் பிழையாகத் தட்டிப் பிறகு முழுவதையும் திரும்பத் தட்டிய நாளில் உச்சம். புதிதாக வந்த பிள்ளைகள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள், யோசிக்க வேண்டிய நேரத்தில் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். வேலை பழக வேண்டிய வயதில் கையை அசைக்கப் பழகினார்கள், அதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

2022 இல் நிலைமை இன்னும் மோசம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு, பெற்றோல் வரிசை, ரவுட்டருக்கும் பற்றரி வேண்டும். எப்போது கரண்ட் வருகிறதோ அப்போது எழும்பி வேலை செய்தோம், அது நடுச்சாமமாக இருந்தாலும். மென்பொருளுக்கு வேலைநேரம் காலை முதல் மாலைவரை, அதற்குள் முழுக்கச் சிவப்பு. வாடிக்கையாளரின் கணக்கு ஒன்றுகூடப் பிந்தவில்லை. எங்கள் முகாமையாளர் நல்ல மனிதர், மேலே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சிவப்புக் கட்டத்துக்கும் விளக்கம் எழுதியே களைத்துப்போனார்.

ஸ்கிரீன்ஷொட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருத்தி மதிய இடைவேளையில் தன் மருத்துவப் பரிசோதனை முடிவைத் திறந்து பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துக் குழுத்தலைவர், 'உடம்புக்கு என்ன தங்கச்சி, ரிப்போர்ட்டில என்ன சொல்லியிருக்கு?' என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் வீட்டில்கூட யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் இடைவேளையில் கணினிப் பக்கமே திரும்பவில்லை. ருமேனியாவில் இதேபோல ஒரு ஊழியர் மெசஞ்சரில் தன் சகோதரனுக்கும் வருங்கால மனைவிக்கும் எழுதியவற்றை நிறுவனம் அச்செடுத்து வைத்துக்கொண்டு 2007 இல் அவரை வேலையை விட்டு நிறுத்தியது. பார்புலெஸ்கு வழக்கு என்பார்கள். 2017 செப்டெம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, அவருடைய தனிப்பட்ட வாழ்க்கைக்கான உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. முன்கூட்டியே சொன்னார்களா, எவ்வளவு தூரம் பார்த்தார்கள், இதைவிடக் குறைவாக எட்டிப்பார்த்துக் காரியத்தை முடித்திருக்க முடியாதா என்று அந்த நீதிமன்றம் கேட்டது. அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட எங்கள் கம்பனி தன்னைத்தானே கேட்டுப் பார்க்கவில்லை.

பிறகு வந்ததுதான் சம்பள உயர்வு. வாடிக்கையாளருக்கு மணித்தியாலக் கணக்குக் காட்டுவதற்கு என்று சேர்த்த பதிவு, 2023 இல் வருடாந்த மதிப்பீட்டு மேசைக்கு வந்துவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வரும் நண்பனுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில் சிவப்பு. கைக்குழந்தைக்குப் பாலூட்டப் போகும் அக்காவுக்கும் சிவப்பு. சராசரி எடுக்கும்போது இந்தச் சிவப்புக்கு ஏன் என்று யாரும் எழுதி வைப்பதில்லை, இலக்கம் மட்டும்தான் மேலே போகும். பிரான்ஸில் 2023 டிசெம்பரில் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அமேசானின் களஞ்சியசாலைப் பிரிவுக்கு 32 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஊழியரின் ஸ்கேனர் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் பதிவாகும் குறியீடு. எங்களுக்கு வைத்த எல்லை ஐந்து நிமிடம்.

முதலாளிப் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்களிடம் மற்றவர்களுடைய வங்கி விபரங்கள் இருந்தன, எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு கட்டாயம் இருக்க வேண்டும், அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வாசலில் கைரேகை வைப்பதிலும் எனக்குப் பிரச்சினை இல்லை, வந்த நேரமும் போன நேரமும் இருவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் சந்தேகம் வேறு, ஆதாரம் வேறு. மைக்ரோசொஃப்ட் 2022 இல் வெளியிட்ட ஆய்வில் 87 சதவீத ஊழியர்கள் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார்கள், தங்கள் குழுவில் முழு நம்பிக்கை இருப்பதாகச் சொன்ன தலைவர்கள் 12 சதவீதம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த மென்பொருட்களை விற்கிறார்கள். எங்கள் இடத்தில் அது நிரம்பவில்லை. பார்க்கப் பார்க்க மேலே சந்தேகம் கூடியது, கீழே மௌஸ் உருட்டுவது கூடியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறிவிட்டது. தரவை எதற்கு எடுக்கிறீர்களோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது, சம்பந்தப்பட்டவர் தன் தரவைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. 2025 மார்ச்சில் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவதாக இருந்து, அது பின்போடப்பட்டது. நாங்கள் மனிதவளப் பிரிவிடம் கேட்டபோது அவர்கள் சொன்ன பதிலும் அதுதான், இன்னும் வரவில்லையே என்று. சரி, சட்டம் கட்டாயப்படுத்தும்வரை ஒரு மனிதனிடம் அவனைப் பற்றிய பதிவைக் காட்டாமல் வைத்திருக்கலாம் என்று நினைக்கும் இடத்தில் எத்தனை வருடம் இருப்பது?

இப்போது இருக்கும் இடத்தில் சேரும் முன்பே கேட்டேன்: என்ன எடுப்பீர்கள், யார் பார்ப்பார்கள், நானும் பார்க்கலாமா, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள். நேர்முகத்தில் இதைக் கேட்டால் வேலை கிடைக்காது என்று அம்மா பயந்தார். எழுத்தில் பதில் தந்தார்கள். இங்கே கோப்புத் திறந்த பதிவு மட்டும் உண்டு, மற்றபடி அறிக்கை நேரத்துக்குப் போகிறதா, கணக்கு சரியா என்று பார்க்கிறார்கள். பழைய கம்பனிக்கு, என் ஸ்கிரீன்ஷொட்களை அழித்துவிட்டீர்களா என்று கேட்டு மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. இந்த வாரம் திரும்பவும் அனுப்பியிருக்கிறேன், இந்த முறை பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி.