நூற்பட்டியல் வேலையில் எதற்கு எதை நம்பலாம்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராம நூலகத்தில் பட்டியல் வேலை பார்க்கிறேன். எங்கள் அலமாரிகளில் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருந்த புத்தகங்களை கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இத்தனை நாளில் எந்தத் தகவல் மூலம் எப்படிக் கைகொடுத்தது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

"எந்த வெப்சைட் சார் நம்பகமானது?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆசிரியர் பெயருக்கு நம்பக்கூடிய தளம் பக்க எண்ணிக்கைக்கு உதவாது. பக்கத்துக்குச் சரியாக இருப்பது வருடத்துக்குச் சரிப்படாது. ஒவ்வொரு விவரத்துக்கும் அதற்கான மூலம் வேறு.

முதல் இடம் கையில் இருக்கும் புத்தகத்துக்கே. அட்டை அல்ல, உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கம். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தன் பட்டியல் விதிகளில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறார். 1978இல் வந்த ஏஏசிஆர்2 என்ற ஆங்கில-அமெரிக்கப் பட்டியல் விதிகளும் இதையே முதன்மை மூலம் என்கின்றன. அட்டையில் வரிசையின் பெயரைப் பெரிதாகப் போட்டு, நூலின் பெயரைச் சின்னதாக அச்சிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதைப் பார்த்து ஏற்றினால் தேடுகிறவருக்குப் புத்தகம் கிடைக்காது. தலைப்புப் பக்கம் கிழிந்துபோயிருந்தால் அட்டையிலிருந்து எடுக்கலாம். ஆனால் 'தலைப்பு மேலட்டையிலிருந்து' என்று 500ஆம் புலத்தில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். (பதிவில் ஒவ்வொரு வகை விவரத்துக்கும் எண் போட்ட ஓர் இடம் உண்டு, அதைத்தான் புலம் என்கிறோம். 500 பொதுக் குறிப்புக்கானது.)

வருடம்தான் எங்கள் பக்கத்தில் பெரிய வேலை. உதவிக்கு வந்த கல்லூரிப் பையன் ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்து, "ஏனுங்கண்ணா, 2005ல வந்த புத்தகம் அஞ்சே ரூபாய்தானுங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தாளும் மங்கியிருந்தது, ஈய எழுத்து அச்சு வேறு. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் 2005க்கு மேலே சிறிய எழுத்தில் 'திருவள்ளுவர் ஆண்டு' என்று இருந்தது. அதில் 31ஐக் கழித்தால் 1974. மலையாளப் புத்தகங்களில் இதே இடத்தில் கேரளத்தின் ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு வரும். ஆங்கில வருடம் வேண்டுமென்றால், சிங்ஙம் (நம் ஆவணி) மாதத்தில் தொடங்கி டிசம்பர் வரை 824, அதற்கப்புறம் 825 கூட்ட வேண்டும். மாதம் போடாமல் 1135 என்று மட்டும் இருந்தால் 1959-60 என்றுதான் கொள்ள முடியும். இன்னும் பழைய நூல்களில் குரோதி, விசுவாவசு என்று வெறும் வருடப் பெயர்தான் இருக்கும். அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருவது. விலை, அச்சகத்தின் பெயர், முன்னுரையின் கீழே போட்டிருக்கும் தேதி இவற்றை வைத்து எந்தச் சுற்று என்று பார்க்க வேண்டும். ஊகித்த வருடம் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடுதான் போகும்.

வெளி மூலங்களில் நான் அதிகம் சார்ந்திருப்பது அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகப் பட்டியல். 1962 முதல் அவர்களுக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்களை நேரடியாக வாங்கி, புத்தகத்தைப் பார்த்தே பதிவு எழுதியவர்கள். அறுபது எழுபதுகளில் வந்த தமிழ் நூல்களுக்கு இது அருமையான துணை. கோஹாவுக்குள்ளேயே இசட்39.50 என்ற, நூலகப் பட்டியல்களைத் தேடிப் பதிவெடுக்கும் இணைப்பு முறை வழியாகப் பதிவை இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. தேடும்போது மட்டும் கவனம் வேண்டும். 'சிறுகதை' என்ற சொல்லை நாம் ஃபோனில் ஆங்கில எழுத்தில் அடிக்கிற மாதிரி அடித்தால் வராது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுத அவர்களுக்குத் தனி முறை உண்டு: ச-வுக்கு எஸ் அல்ல, சி. த-வோடு எச் சேரக் கூடாது. இது பழகிவிட்டால் கிடைக்காத புத்தகங்கள் நிறையக் கிடைக்கும். இறக்கியதும் பதிப்பு ஒன்றுதானா என்று புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அவர்களிடம் முதல் பதிப்பு இருக்கும், நம்மிடம் நான்காவது இருக்கும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் வேறு வகையில் உதவுகிறது. அங்கே தலைப்புப் பக்கத்தின் ஸ்கேனையே கண்ணால் பார்த்துவிடலாம். நம் பிரதி சிதைந்திருக்கும்போது இதற்கு ஈடில்லை.

விற்பனைத் தளங்களை அட்டைப் படத்துக்கு மட்டும் பார்க்கிறேன். மொழிபெயர்ப்பாளர் பெயர் அங்கே ஆசிரியர் இடத்தில் ஏறிவிடுவது உண்டு, பக்க எண்ணிக்கையும் பெரும்பாலும் தோராயம். கூகுள் புக்ஸில் துப்பு கிடைக்கும், அதோடு சரி. விக்கிப்பீடியாவும் அப்படித்தான். பிறந்த வருடம் அங்கே கண்ணில் பட்டால் நூலில் உள்ள ஆசிரியர் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே சேர்ப்பேன்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பின்னட்டைப் பார்கோடில் ஒன்றும் உள்ளே இன்னொன்றுமாக அச்சான புத்தகங்கள் எங்களிடமே இருக்கின்றன. 13 இலக்கங்களையும் 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதமின்றி வகுபட வேண்டும். வகுபடாத எண்ணையும் அழித்துவிடக் கூடாது, 020 புலத்தில் தவறான எண்ணுக்கென்றே உள்ள இசட் துணைப்புலத்தில் போடலாம். அச்சில் அப்படி இருப்பதால் யாராவது அதை வைத்தே தேடி வருவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த நூல்கள். செம்மீன் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 100ஆம் புலத்தில் ஆசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை, 700இல் மொழிபெயர்த்த சுந்தர ராமசாமி, 041இல் தமிழும் மூலமொழி மலையாளமும். மூலத் தலைப்பை அச்சிடாத தமிழ்ப் பதிப்புகளுக்கு கே.எம். கோவி தொகுத்து கேரள சாகித்ய அகாடமி வெளியிட்ட மலையாள நூற்பட்டியலான மலையாள கிரந்த சூசியைப் பார்க்கிறேன். மூலத் தலைப்பை மலையாள எழுத்திலேயே, மூல நூலுக்கான 765ஆம் புலத்தில் ஏற்றிவிடுகிறேன். எங்கள் ஊரில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைகள் அதிகம். அவர்கள் மலையாளத்தில் தேடினாலும் இப்போது தமிழ்ப் பிரதி திரையில் வருகிறது.